செங்கோடன் தாமதித்த நான்கு நிமிடம்

ரயில் பாதையில் ஒருவர் அடிபட்டுச் செத்தால் அங்கே முதலில் வரவேண்டியது கதவா, கற்பூரமா? நீங்களே சொல்லுங்கள்.

ஆத்தூர்ப் பக்கம் ஓரிடத்தில் கற்பூரம்தான் வந்தது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவே தண்டவாளம் வளைகிறது. அதை வண்டிப்பாதை ஒன்று கடக்கிறது. கதவு இல்லை, காவலாளும் இல்லை. 1977-ல் கிழங்கு வண்டி ஓட்டிவந்த கந்தப்பன் அங்கே சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார். மறு மாதமே ஊரார் ஒரு கல்லை நட்டுக் குங்குமம் பூசிக் கற்பூரம் ஏற்றினார்கள். ரயில்காரர்களும் அதற்குக் காசு எறிந்துவிட்டு, ஊதிக்கொண்டே வேகமாகப் போய்விடுவார்கள்.

செங்கோடன் மட்டும் எறிவதில்லை. அன்று அந்த எஞ்சினை ஓட்டியவர் அவர்தான்.

திருச்செங்கோட்டுக்காரர். கரி அள்ளும் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவர் ஆனவர். இதைப் பற்றி எழுதுவதற்காக, சென்ற தை மாதம் ஒரு காலையில் அவர் ஓட்டிய சரக்கு ரயில் எஞ்சினில் சேலத்திலிருந்து ஆத்தூர் போனேன். அவர் சட்டைப் பையில் மேலதிகாரி விளக்கம் கேட்டு அனுப்பிய மெமோ ஒன்று இருந்தது. அந்த இடத்தில் ஒவ்வொரு நடையும் நான்கு நிமிடம் தாமதமாவது ஏன்? மாலைக்குள் பதில் வேண்டும். பதில் சரியில்லை என்றால் பாசஞ்சர் ரயில் ஓட்டும் பதவி உயர்வு கிடைக்காது.

"மட்டமான கரி, ஸ்டீம் ஏறலைன்னு எழுதுங்கண்ணே," என்றார் ஃபயர்மேன் காளியப்பன். "எல்லாரும் அதைத்தானுங்க எழுதறாங்க. கரி வந்து சாட்சி சொல்லப்போவுதா?"

"அள்ளிப் போடறவன் சரியில்லைன்னு உன்னைத்தானடா புடிப்பாங்க?"

"அட சாமி! அப்பத் தண்ணி மேல பழியப் போட்டுருங்க."

வளைவுக்கு வெகுமுன்பே செங்கோடன் ஒருமுறை ஊதினார். பிறகு ஊதவில்லை. பிரேக்கை மெல்லப் பிடித்தார். ரயில் ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்தது. திரும்பியதும் பார்த்தால், தண்டவாளத்தின் மேல் கிழங்கு வண்டி. ஓட்டியவள் ஒரு பெண். மாடுகள் பாட்டுக்கு நிதானமாக இறங்கிப் போயின.

"பைய போ சாமி," என்று அவளுக்குக் கைகாட்டிவிட்டுச் செங்கோடன் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு ரூல்படி ஊதிக்கிட்டேதானுங்க வந்தேன். சத்தத்துல மாடு மெரண்டு, தண்டவாளத்து நடுவுலயே நின்னுபோச்சு. ஊதுனதுதான் கொன்னுச்சுங்க. எம்மேல தப்பில்லைன்னு ஆபீசுல எழுதிட்டாங்க. தலையெழுத்துன்னு ஊருல சொன்னாங்க. ரெண்டையும் நான் ஒத்துக்கலைங்க."

ஆத்தூரில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தாளில் பதில் எழுதினார்: 'காவலாள் வரும்வரை அங்கே நடைவேகத்தில்தான் ஓட்டுவேன். தாமதத்துக்கு நானே பொறுப்பு.' கரியையும் தண்ணீரையும் பற்றி ஒரு சொல் இல்லை.

காளியப்பன் எட்டிப் படித்தார். "பாசஞ்சர் போச்சுங்கண்ணே."

"போனாப் போவுது. உன்னோடயே கரிப்புழுதி தின்னுக்கிட்டுக் கெடக்கறேன்."

பாசஞ்சர் போய்த்தான் விட்டது. மறுப்புக் கடிதம் வந்த அன்றும் அவர் அங்கே நான்கு நிமிடம் தாமதித்தார். காவலாளுக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். ஓர் ஓட்டுநரின் மனச்சாட்சியைச் சம்பளமில்லாக் காவலுக்கு வைத்துக்கொண்டு, அதற்குத் தண்டனையும் கொடுப்பது என்ன நியாயம்?

அந்தப் பாதையில் உங்கள் வண்டியும் போகலாம். இந்த வாரமே ஓர் அஞ்சலட்டை வாங்குங்கள். 'ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டு வளைவில் கதவும் காவலாளும் வேண்டும். செங்கோடன் தாமதித்தது எங்கள் உயிருக்காக' என்று எழுதி, உங்கள் பெயரையும் ஊரையும் போட்டு, ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.