நீலத் தொட்டிக்குள் போட்ட பெயர்கள்

என் மகளுக்கு அவளின் தகப்பன் எழுதி வைத்த கொப்பியைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டவள் நான். அது தொலைந்துபோனது என்று சொன்னவளும் நான். தொலைத்தது இன்னொருவர் என்று பழி போட்டவளும் நான்தான்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சம், அது எப்படி நடந்தது என்பது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடம் நின்றது. பேர்லினுக்கு வந்து கட்டடங்கள் துப்புரவு செய்தேன். இன்றைக்கும் அதுதான் வேலை. இதில் நீங்கள் அழகான வசனம் தேட வேண்டாம்.

யூசுப்பை வேலையிடத்தில்தான் கண்டேன். சோமாலியாக்காரர். யன்னல் கழுவுகிறவர். எங்களுக்குள் இருந்தது உடைந்த டொச், ஜேர்மன் மொழி. தமிழில் அவர் முதலில் பழகிய சொல் 'ஓம்'.

"கறிக்கு உப்புக் கூடவோ?" என்று கேட்டால், "ஓம்."

"குறைவோ?" என்றாலும், "ஓம் ஓம்."

சிரித்தேன். பிறகு அவரையே கட்டினேன்.

எங்கள் ஆட்கள் கதைத்தார்கள். நொய்கெல்ன் பகுதியில் தமிழ்க் கடைக்குள் நான் போனால் கதை நிற்கும். கோயிலில் எனக்குப் பக்கத்தில் இடம் விட்டு இருப்பார்கள்.

ஹோடன் பிறந்தாள். அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் யூசுப் அவளை மடியில் வைத்துப் பெயர் சொல்லிக் கொடுப்பார். அது அவர்களின் வழக்கம். தன் பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர் என்று பின்னால் பின்னால் போய்ப் பதினான்கு பெயரைப் பிள்ளை பார்க்காமல் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு சோமாலிகள் சந்தித்தால் அந்த வரிசையை வைத்துத்தான் ஒருவரையொருவர் அறிவார்களாம். நான் அடுப்படியில் மீன் பொரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவரின் சொந்தங்கள் சண்டையில் அழிந்துவிட்டார்கள். அந்த வரிசை முழுவதும் தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

பிள்ளைக்கு ஆறு வயதானபோது தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை. சோமாலி வகுப்பும் சனிக்கிழமை, அதே நேரம். அந்த வகுப்பை நடத்தியவர் யூசுப்பின் கூட்டாளி அப்துல்லாஹி. நான் கேட்காமலே யூசுப்தான் தமிழில் சொன்னார்.

"முதல் உன்ர பாசை. என்ர பாசை, வீட்டில நான்."

ஒரு பள்ளிக் கொப்பி வாங்கினார். பச்சை பிளாஸ்டிக் உறை போட்டார். ஞாயிறுக்கு ஒரு பக்கம். எழுத்து, சொல், பக்கத்தில் ஒரு படம். ஒட்டகம் ஒன்று கீறினார்.

"அப்பா, இது நாய்!" என்று ஹோடன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நாய் இல்லை. ஏழை ஒட்டகம்," என்றார் அவர்.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பதினான்கு பெயர்களும்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஹோடன் கெட்டிக்காரி. வாசிப்புப் போட்டியில் முதலாம் இடம் வந்தாள். அங்கே படிப்பித்த மலர் அக்கா என் கையைப் பிடித்தார். "என்ன வடிவா வாசிக்கிறாள்! எங்கட பிள்ளையளே இப்பிடி வாசிக்காதுகள்."

'எங்கட பிள்ளையள்' என்றதில் என் பிள்ளை இல்லை. அது எனக்கு விளங்கியது. ஆனாலும் அன்றைக்குக் கோயிலில் எனக்குப் பக்கத்தில் ஒருத்தி வந்து இருந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு! அந்த ருசி எனக்குப் பிடித்துக்கொண்டது. அதை ஏன் மறைப்பேன்?

ஹோடனுக்கு ஒன்பது வயதில் யூசுப் போய்விட்டார். நெஞ்சு நோகிறது என்றார். அன்றைக்கே முடிந்தது.

துக்கம் கேட்க வந்த மலர் அக்கா போகும்போது மெல்லச் சொன்னார். "தேப்பன்ர பாசையைப் பிடிச்சாள் எண்டா அந்தப் பக்கம் போயிடுவாள். பிறகு நீங்கள் தனிச்சுப் போவியள்."

அடுத்த கிழமை ஹோடன் கொப்பியோடு வந்து நின்றாள்.

"அம்மா, இனிச் சனிக்கிழமை நான் அப்துல்லாஹி மாமாவின்ர வகுப்புக்குப் போறன். இதை நான் வாசிக்கோணும்."

"அப்ப தமிழ்?"

"தமிழ் எனக்குத் தெரியும்தானே."

அவ்வளவுதான் பிள்ளை கேட்டது. மலர் அக்காவின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னது ஒரு வசனம். செய்தது என் கை.

சின்ன வீட்டுக்கு மாற வேண்டியிருந்தது. அப்துல்லாஹி தன் வான் கொண்டுவந்து சாமான்களை ஏற்றித் தந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்தில். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன்.

கேளுங்கள். பச்சை உறையைக் கழற்றி மஞ்சள் தொட்டிக்குள் போட்டேன். பிளாஸ்டிக் அதற்குள். தாளை நீலத் தொட்டிக்குள் போட்டேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆத்திரக்காரி தரம் பிரித்துப் போடுவாளா...?

பின்னேரம் ஹோடன் பெட்டி பெட்டியாகத் தேடினாள்.

"அப்துல்லாஹி மாமாவின்ர வானுக்க விட்டிருப்பம்," என்றேன்.

அவள் உடனே தொலைபேசி எடுத்தாள். அந்த மனிதர் வானை முழுக்கக் கிளறியிருக்கிறார். அடுத்த நாள் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். "சகோதரி, காணவில்லை. கதவு சரியாகப் பூட்டாமல் ஓடினேனோ தெரியாது. என் பிழை," என்று டொச்சில் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பரவாயில்லை என்றேன். மன்னித்தேன்! அவரை நான் மன்னித்தேன்... கேட்டீர்களா?

ஹோடன் அந்த வகுப்புக்குப் போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஏலாமல் போனது. தகப்பனின் மொழியைக் கற்பிக்கக்கூடிய ஒரே ஆளை அவளிடமிருந்து வெட்டிவிட்டேன். மடியில் பழகிய பெயர்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமிருந்து போய்விட்டன. அப்துல்லாஹி பிறகு ஹனோவருக்குப் போனார்.

இப்போது அவளுக்கு இருபத்துமூன்று. சிறுவர் பள்ளியில் வேலை. இந்த வருடம் தானாகத் தேடி ஒரு சோமாலி வகுப்பில் சேர்ந்தாள். சாப்பாட்டு மேசையில் இருந்து வாசிக்கிறாள். இருபத்துமூன்று வயதுப் பெண், ஒவ்வொரு சொல்லாய், விரல் வைத்து. நான் கோப்பை கழுவுகிறேன். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். யூசுப்பின் சத்தம்.

போன மாதம் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். தங்கள் பெயர் வரிசையை எழுதி வந்து வாசிக்க வேண்டும். மற்றவர்கள் தகப்பனைக் கேட்டு எழுதினார்கள். இவள் மூன்று எழுதினாள். தன் பெயர், தகப்பன், தகப்பனின் தகப்பன். கடவுச்சீட்டில் இருக்கிற மூன்று.

ரயில் ஏறி ஹனோவருக்குப் போனாள். அப்துல்லாஹிக்கும் அந்த மூன்றுக்கு மேல் தெரியவில்லை. திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னாள்.

"பாவம் அம்மா, அந்த மனுசன் இப்பவும் மன்னிப்புக் கேக்குது. அழுதிட்டுது. விடுங்கோ மாமா எண்டு சொன்னன்."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா சொல்லேக்க நீங்கள் கேட்டிருப்பியள்தானே? ஒண்டாவது ஞாபகம் இல்லையோ?"

"எனக்கு அந்தப் பாசை விளங்காதே பிள்ளை," என்றேன்.

அதுவும் பொய். பெயருக்கு என்ன பாசை? ஞாயிறு ஞாயிறாகக் கேட்டவள் நான். ஆனால் ஒரு பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் கொப்பியும் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அவள் தலையை ஆட்டினாள். அவளின் வகுப்புக் கொப்பியில் மூன்று பெயருக்குக் கீழே வெறும் கோடுகள். அப்படியே கொண்டுபோய் வாசித்தாள்.

என்ன தாய் நான்?

இது வெளிவருகிற இதழ் எங்கள் வீட்டுக்கும் வரும். மேசையில் வைப்பேன். எடுத்துப் பார்ப்பாளோ தெரியாது. எடுத்தால் வாசிப்பாள். தமிழ் அவளுக்கு நல்லாக வரும். அதற்காகத்தானே எல்லாம் செய்தேன்...

அப்துல்லாஹிக்கு இது வாசிக்கத் தெரியாது. அவரிடம் நான் நேரே போக வேண்டும். இன்னும் போகவில்லை.

கேட்டது எனக்கு நினைவில் நிற்கிற அளவுக்கு இங்கே எழுதுகிறேன். யூசுப் சொன்ன ஒழுங்கில்.

ஹோடன். யூசுப். வர்சமே. சமதர். ரோப்லே. லிபான்.

லிபானின் தகப்பன் யார்? மீன் பொரிகிற சத்தத்தில் எனக்கு அது ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை.

கொப்பியில் இருந்தது.