டிரம்பெட் பட்டன்

நான் இசையமைக்கும் படத்தின் சாவுக் காட்சிக்குக் கம்ப்யூட்டரில் இருந்த சாம்பிள் டிரம்பெட் ஒலியை ஓடவிட்டதும், எனக்குப் புளி வாசனை அடித்தது.

தூத்துக்குடிக் கடற்கரையில் எங்கள் ஊர் மாதா கோயிலில் அப்பாதான் டிரம்பெட் வாசிப்பார். யாராவது இறந்தால் நடக்கும் ஒவ்வொரு அடக்கப் பூசைக்கு முன்பும் அதைப் புளி போட்டுத் துலக்குவார். கோயிலுக்குக் கீபோர்டு வந்தபோது எனக்குப் பத்து வயது. விளையாட்டாக அதில் டிரம்பெட் பட்டனை அழுத்தி வாசித்தேன்.

"ஏளா, ஒங்கப்பனைவிட நல்லா ஊதுதே" என்றார் கோயில் உபதேசியார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த அடக்கத்தன்று அப்பா துலக்கிக்கொண்டிருக்கும்போதே, கீபோர்டு வாசிக்க என்னை மட்டும் கூப்பிடக் கோயிலிலிருந்து ஆள் வந்தது.

"போளா, நேரமாச்சி" என்ற அப்பா, மீதியையும் துலக்கி முடித்தார்.

இப்போது படத்தின் இயக்குநர் போனில் கேட்டார். "டிரம்பெட்டுக்கு ஆள் வேணுமாம்மா, கம்ப்யூட்டர்லயே முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும் சார்" என்றேன்.