ஏலக்காய் வாசம் மூடி வைத்த சீழ்

பிள்ளைகளா, ஆஸ்பத்திரியில் வைத்து உங்கள் அம்மாவைச் சத்தம் போட்டேன் என்று ரெண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருங்கள். எதற்குச் சத்தம் போட்டேன் என்று படித்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

மழைக்காலத்தில் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனபோது அம்மா காலில் அட்டை கடித்தது. என் ஜீப்பில் ஏறும் பொம்பளைகள் அத்தனை பேர் காலிலும் அந்தத் தழும்பு உண்டு. அம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. புண்ணைச் சுற்றிக் கறுத்துக்கொண்டே போனது. சர்க்கரை மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள், சர்க்கரை இறங்கவில்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று நர்சம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

புதிதாக வந்த டாக்டரம்மாதான் வாயைத் திறக்கச் சொன்னார். ஈறை லேசாக அமுக்கியதும் ரத்தமும் சீழும் வந்தது. மேல்பல் ரெண்டு ஆடியது.

"இம்புட்டுச் சீழை வச்சுக்கிட்டு இருந்தா சர்க்கரை எப்படிம்மா இறங்கும்? சர்க்கரை இறங்காமப் புண்ணு எப்படி ஆறும்? சர்க்கரை ஏற ஏற ஈறும் கெடும்."

இத்தனை நாள் ஒருத்தர்கூட அந்த வாயைப் பார்க்கவில்லை. கூடவே இருந்த எனக்கும் நாற்றம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து அம்மா மாதிரி காய் தரம் பிரிக்கிறவர்கள் வெடித்த காயை வாயில் அடக்கிக்கொள்வார்கள். ஈறில் ரத்தம் வந்தால் இன்னொரு காய். வாசமாக இருக்கிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்று ஊரே நம்புகிறது. நினைத்தால் இப்பவும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடிய பல்லை எடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். பல் டாக்டர் அறை வாசலில் உங்கள் மாமா வந்து நின்றார்.

"மேப்பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும் மாப்ளே. அப்புறம் இவ பச்சைக் காய் எது, வெளுத்த காய் எதுன்னு எப்படிப் பிரிப்பா?"

"கால் போனா மட்டும் உக்காந்த எடத்துல பிரிச்சுக்கலாமா மச்சான்?"

"எங்க அத்தைக்கு அப்படித்தான் போச்சு."

"உங்க அத்தைக்குக் கண்ணுல புரை. பல்லு என்ன பண்ணுச்சு?"

அம்மா எழுந்துவிட்டாள். "வீட்டுக்குப் போவோங்க. ரெண்டு காயை மென்னாச் சரியாப் போகும்."

அப்போதுதான் கத்தினேன். "காலைக் குடுத்துட்டு வாசத்தை வச்சுக்கிறியா?" வரிசையே திரும்பிப் பார்த்தது.

அவள் பையை மாமா கையில் திணித்தாள். "கண்ணு போச்சுன்னா நீதாண்ணே வந்து காய் பிரிச்சுத் தரணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பல்லை எடுத்து, ஈறையும் சுத்தம் செய்தாயிற்று. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் சட்டையில் பித்தான் அறுந்திருந்ததை நேற்று அவள்தான் பார்த்துச் சொன்னாள். புண் ஓரத்தில் புதுத்தோல் லேசாக வந்திருக்கிறது, முழுதாக ஆறுமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பல் எடுத்த அன்றைக்கு அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு லோடு ஏற்றப் போகும் வழியில் வண்டியை ஓரம்கட்டினேன். கண்ணாடியைத் திருப்பி, உதட்டைத் தூக்கி, என் ஈறை அமுக்கிப் பார்த்தேன். விரலில் ரத்தம். மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் போய் அதே வரிசையில் நின்றேன்.