கடைத்தெருவின் மறுகோடி

நாலு பேர் முன் பேசவே கூசுகிற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக் கடைத்தெருவுக்குப் போனால், எங்களை வேலை வாங்கும் கங்காணி எங்களைத் தன் மச்சான் கடைக்கு மட்டும் கூட்டிப்போய்த் திருப்பிவிடுவார். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நான் மட்டும் அந்தத் தெருவை முழுக்க நடந்திருந்தேன். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் மூவரை அவர் இல்லாமல் நானே அழைத்துப் போனேன்.

கங்காணியின் மச்சான் தன் கடை வாசலில் எங்களை மறித்தார். "எங்க தாண்டிப் போறீங்க? கங்காணிகிட்ட சொல்லவா?"

"சொல்லுங்க. தெருவப் பாக்கப் போறோம்," என்றேன்.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, தபால் கந்தோர் என்று ஒவ்வொன்றாக நின்று காட்டினேன். தெரு முடிந்தது.

"இம்புட்டுத்தானாடி? இதுக்கா கங்காணி இத்தன வருசம் மறிச்சாரு?" என்றாள் ஒருத்தி.

"திரும்பவும் ஒருக்கா நடப்போம்," என்றேன். நடந்தோம்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், மச்சான் சொல்லித் தெரிந்துகொண்ட கங்காணி எங்கள் நால்வரையும் தண்டனையாகத் தூரத்து மலைக்கு அனுப்பினார். அங்கே கொழுந்து பறித்தோம்.