வாய்க்காலில் டியூப் பார்த்த கதை

மறுநாள் காலை நடவுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்குள் வயலை டிராக்டரால் உழுது சேறு அடித்திருக்காவிட்டால் அவர்கள் அடுத்த வயலில் இறங்கிவிடுவார்கள். திரும்ப எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாற்று ஏற்கெனவே முற்றிக்கொண்டிருந்தது.

டிராக்டரின் முன் டயரில் கொஞ்ச நாளாகவே காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அன்று ஒரு சுற்றுகூடத் தாங்கவில்லை. மன்னார்குடி பஞ்சர் கடைக்காரரோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"நானே பாத்துடுறேன்" என்று என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டினார். அவர் அப்படிச் சொன்னாலே எனக்குப் பகீரென்றிருக்கும்.

மேட்டூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் அன்று காலைதான் வாய்க்காலுக்கு வந்திருந்தது. டியூப்பைக் கழற்றிக் காற்றடித்து அதில் அமுக்கினோம். அமுக்கிய இடமெல்லாம் குமிழி.

"இந்தா, இங்க ஒண்ணு! அடையாளம் வையி."

ஈர ரப்பரில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு, வீட்டிலிருந்து எடுத்துவந்த ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். ஓர் அட்டை பொட்டு காலியானது.

"ஏங்க, இது டியூப்பா, சல்லடையா?"

"பேசாம பொட்டு வையி."

பொட்டு வைத்த இடத்திலெல்லாம் அவர் பஞ்சர் ஒட்டினார். பொழுது உச்சியைத் தாண்டிவிட்டது. மறுபடி அமுக்கினோம். மறுபடியும் குமிழி, முன்னைவிட உற்சாகமாக.

எனக்கு வந்ததே கோபம். டியூப்பைப் பிடுங்கிக் கரையில் வீசினேன். அப்போதுதான் பார்த்தேன்: டியூப்பே இல்லாத தண்ணீரில் குமிழி பொங்கிக்கொண்டிருந்தது. கோடை முழுக்கக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வாய்க்கால், தண்ணீரைக் குடித்து வெடிப்புக்குள் இருந்த காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீர் வருவதைப் பார்க்கிற நாங்கள் இரண்டு பேரும் அரை நாளாக வாய்க்காலுக்குப் பஞ்சர் பார்த்திருக்கிறோம்.

அவர் வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்ளோ ஒட்டு வேணும்?" என்றார். சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ஓடிப்போய் என் சீர் அண்டாவைத் தூக்கிவந்து தண்ணீர் நிரப்பினேன். டியூப்பைச் சுற்றிச் சுற்றி முக்கினோம். காற்றடிக்கிற வால்வின் வாயிலிருந்து மட்டும் ஒரு சின்னக் குமிழி, சோம்பேறித்தனமாக எட்டிப் பார்த்தது. உள்ளே இருந்த ஊசி போன்ற பின் லூசாகியிருந்தது. அவர் அரைச் சுற்று முறுக்கினார். குமிழி நின்றுவிட்டது.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

டயரை மாட்ட உதவினேன். இருட்டுவதற்குள் சேறு அடித்து முடித்தார். டயரில் காற்று இறங்கவே இல்லை.

காலையில் ஆட்கள் எங்கள் வயலில் வரிசையாக இறங்கினார்கள். முதல் நாற்றைச் சேற்றில் ஊன்றியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரப்பில் நின்றபடி அவர், டயரைத் தனி ஆளாகச் சரிசெய்த கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மேட்டூர் அணையையே தான்தான் திறந்துவிட்டதாகச் சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.