பூட்ஸ் ஓரத்து உப்பு

ஸ்டுட்கார்ட்டைத் தாண்டிக் கிளைப்பாதையில் ஆறாவது நிறுத்தம் எங்களுடையது. ஒற்றைத் தண்டவாளம், ஒரு நடைமேடை, ஒரு கண்ணாடிக் கூண்டு. பதினேழு வருஷமாக அதைக் கூட்டித் துடைத்தவர் யாழ்ப்பாணத்து வசுந்தரா அக்கா. வீடும் எதிரிலேயே. பனிக்காலத்தில் நடைமேடை உறைந்து வழுக்காமலிருக்க விடியுமுன் வந்து, பழைய பால்மா டின்னால் உப்பை அள்ளி, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி வீசுவார்.

நான் சென்னையிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் ரயில் நிற்காமல் போய்விட்டது.

"கூண்டுக்குள்ள ஒளிச்சிருந்தா அவன் என்னண்டு நிப்பாட்டுவான், பிள்ளை? வெளியில வந்து நில்லுங்கோ" என்று சிரித்தார். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கமானது.

போன ஜனவரியில் ஒரு கிழவி வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். உப்பே போடவில்லை என்று புகார். மறுநாள் காலை துப்புரவு கம்பெனி மேற்பார்வையாளர் படிவத்தோடு வந்து நின்றார். அக்கா என்னிடம் ஓடி வந்தார்.

"நேற்று நான் உப்புப் போடேக்க நீங்கள் நிண்டனீங்கள்தானே? தள்ளி நில்லுங்கோ, சப்பாத்தில படும் எண்டும் சொன்னனான். சாட்சி இல்லாட்டி இந்த ஸ்டேஷனை என்னிட்ட இருந்து எடுத்துப்போடுவினம். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார். பெயர், முகவரி, கையெழுத்து. என் விசா நீட்டிப்புக்கு அலுவலகத்தில் கொடுத்திருந்த நாள், அந்த டெர்மினுக்கு, இன்னும் பன்னிரண்டு நாள். இந்த நாட்டில் ஒரு புகார்க் காகிதத்தில் என் பெயர் ஏறினால் அது எங்கெங்கே போகுமோ.

"கவனிக்கல. மொபைல் பாத்துட்டிருந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேற்பார்வையாளர் சாட்சி என்ற வரியில் ஒரு கோடு இழுத்தார். அக்கா குனிந்து என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரமெல்லாம் நேற்றைய உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

மாதக் கடைசியில் அவரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும், கக்கூஸும் கழுவவேண்டும். கடைசி நாள் நான் கூண்டுக்குள்தான் நின்றேன். அவரே கதவைத் திறந்தார்.

"டெர்மின் என்னமாதிரிப் போச்சுது, பிள்ளை?"

"கிடைச்சிருச்சு அக்கா. மூணு வருஷத்துக்கு."

"நல்லது. ஏதும் விசாரிச்சவையோ?"

"இல்லக்கா" என்றேன். "யாரைப் பத்தியும் எதுவுமே கேக்கல."

"ஓம்" என்றார். பால்மா டின்னைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.