மாமனார் ஜீப்பின் லைட் ஸ்விட்ச்

சாரல் தொடங்கிவிட்டால் மேலகரத்தில் என் கடை வாசலில் பழைய ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். நான் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். லைட் எரியவில்லை, விட்டு விட்டு எரிகிறது என்று அந்த இரண்டு மாதமும் ஒரே புலம்பல். நான் முதலில் பார்ப்பது லைட் ஸ்விட்சின் குமிழைத்தான். அருவியில் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை அதில் மாட்டிவிடுவார்கள். தண்ணீர் உள்ளே இறங்கி, பித்தளைத் தகடு பச்சை பூத்துக் கிடக்கும். உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்து, நன்றாகத் திட்டியும் அனுப்புவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அடுத்தவன் செய்த தப்பென்றால் இன்னும் நீளம்.

என் மாமனார் வடகரைக்காரர். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். தோப்புக்குப் போகிற பாதையில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும் என்பதால் ஒரு பழைய ஜீப்பை விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். போன வருஷம் யானைகள் இறங்கி வந்து தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டன. தண்ணீர் பாய்ச்சிவிட்டு அவர் திரும்புவதே இருட்டுகிற நேரம்தான். ஜீப்பின் லைட்டோ அகல்விளக்கு மாதிரி எரியும். அப்பாவை நினைத்து என் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. அதிக வாட் பல்பு இரண்டு வாங்கிக்கொண்டு போய் நானே மாட்டினேன்.

அதோடு ஒரு ரிலேயும் போட்டிருக்க வேண்டும். ரிலே இருந்தால் பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போய்விடும், ஸ்விட்சுக்குச் சுமை கிடையாது. ரிலே என் பையிலேயே இருந்தது. ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளை கையில் கிரீஸோடு நிற்பதை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. “விருந்துக்கு வந்த மாப்பிள்ளையப் போட்டு வேலை வாங்குதோம்னு ஊரே சிரிக்கும்” என்று அத்தை நாலு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். மாமனார் என் கையில் ஊற்றச் செம்பில் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றார். ரிலேயை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். அடுத்த தடவை அது என் நினைவிலேயே இல்லை.

இந்தச் சாரலில் ஒரு நாள் அத்தை போனில் என் மனைவியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: “நேத்து ஒங்கப்பா தோப்புலேருந்து வார வழியில லைட்டு அணைஞ்சு போச்சாம். இருட்டுலயே நின்னுட்டு வந்தாவ.” மறுநாள் மதியமே நாங்கள் வடகரைக்குப் போய்விட்டோம்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. லைட்டு பகல் மாதிரில்லா எரியுது” என்றார் மாமனார்.

நான் கேட்கவில்லை. கொட்டகையில் நின்ற ஜீப்பில் ஏறி ஸ்விட்சை இழுத்தேன். இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன. குமிழில் ஈரத் துண்டு எதுவும் தொங்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், வோல்டேஜ் சரியாக இருந்தது. எர்த் வயரை இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. குமிழை ஆட்டினாலும் வெளிச்சம் அசையவில்லை. ஃபியூஸையும் பார்த்துவிடலாம் என்று டேஷ்போர்டின் சின்னப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு டார்ச், யானை விரட்டுகிற வெடி ஒரு கட்டு, பாலிதீன் பைக்குள் தீப்பெட்டி, ஒரு பொட்டலம் காராச்சேவு.

“இதெல்லாம் எதுக்கு மாமா?”

“சும்மா கெடக்கட்டும்னு வச்சேன்.”

சும்மா கிடக்கிற சாமான் இல்லை அது. வழியில் காத்து நிற்கப்போகிறவன் எடுத்துவைக்கிற சாமான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: லைட் கொஞ்ச நேரம் எரிந்த பிறகுதான் அணைகிறது. லைட்டை அணைக்காமல் எஞ்சினை ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மாமனாரும் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும், இரண்டு லைட்டும் ஒன்றாக அணைந்தன. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டேன். ஸ்விட்ச் தோசைக்கல்லாகச் சுட்டது. அதற்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. அளவுக்கு மேல் சூடானால் வளைந்து தொடர்பை விட்டுவிடும், ஆறினால் திரும்பவும் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் டிக் என்று ஒரு சத்தம். லைட் வந்தது.

ஸ்விட்சில் கோளாறே இல்லை. தாங்க முடியாத பல்பை மாட்டி, ரிலே போடாமல் விட்டவன் நான்.

“எத்தன நாளா இப்படி?”

“நீங்க மாட்டிட்டுப் போன அன்னைக்கு சாயங்காலமே ஒரு தடவ அணைஞ்சுது.”

பல்பு மாட்டி ஒன்பது மாதம் ஆகிறது. யானை நடமாடுகிற பாதையில், கண்ணுக்கு எதுவும் தெரியாமல், மடியில் வெடிக்கட்டோடு இந்த மனுஷர் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல? ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் ஒங்க மக மூஞ்சில எப்படி முழிக்க?”

அவர் குனிந்து கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படி மாப்ள சொல்ல? நீங்க ஆசையா வாங்கிட்டு வந்து மாட்டுனிய. அதைப் போய் நொட்டம் சொல்ல முடியுமா? அணைஞ்சாலும் செத்த நேரத்துல வந்துருதுல்லா.”

வேறு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கலாம். மாப்பிள்ளை செய்த வேலையை இன்னொருத்தனிடம் திறந்து காட்டுவதா என்று அதையும் செய்யவில்லை. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் திட்டித் தீர்க்கிற நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பு என்னோடது மாமா” என்றேன்.

சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினேன். பேட்டரியிலிருந்து தனி வயர், நடுவில் ஃபியூஸ், பிறகு ரிலே. இத்தனை நாள் சூடு தின்ற பழைய ஸ்விட்சையும் மாற்றினேன். மறுபடியும் அரை மணி நேரம் லைட்டைப் போட்டு வைத்தேன். அணையவில்லை. பின்னால் கையை விட்டுத் தொட்டால் ஸ்விட்ச் ஜில்லென்று இருந்தது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு பேரும் ஜீப்பைத் தோப்புக்கே ஓட்டிப்போய் நிறுத்தினோம்.

“இப்ப ஏதாச்சும் கொற இருந்தாச் சொல்லணும். சொல்லாம நான் ஊருக்குக் கெளம்ப மாட்டேன்” என்றேன்.

“ஒரு கொறையும் இல்ல மாப்ள. பிரமாதமா இருக்கு.”

நான் லைட்டை எரியவிட்டு, எஞ்சினை மட்டும் அணைத்து, சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“கோவிச்சுக்கிடாதிய. எடது லைட்டு பாதையப் பாக்கல, தேங்காக் கொலையப் பாக்குது.”

நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். அதன் வெளிச்சம் முழுவதும் குருத்தோலையில் போய் விழுந்துகொண்டிருந்தது. ஒன்பது மாதமாக அது அப்படித்தான் இருந்திருக்கிறது. கண் கலங்கியதை மறைக்க லைட்டுக்கு முன்னால் குனிந்து ஸ்க்ரூவைத் திருப்பினேன்.

“எறங்கிருச்சா மாமா?”

“இன்னும் கொஞ்சம். ஐயோ, அம்புட்டு எறக்காதிய” என்றார். பிறகு இரண்டடி கிட்டே வந்து, “அந்த ஹாரனும் சரியில்ல மாப்ள” என்றார்.